நிரைப்பலகை வரி

சென்னை
12.8.1991

அன்புள்ள முத்து,

நீயும் எலிசபெத்தும் சௌக்கியம் என்று நம்புகிறேன். உன் நாக்கு சௌக்கியமாகத்தான் இருக்கும், அதை விசாரிக்க வேண்டியதில்லை. இங்கே என் வீட்டுக்காரி பிரம்மநாயகிக்கு முழங்கால் வலி. பெண் விஜயஸ்ரீக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்புக்கு இந்த ஊர் லாரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். ஓய்வு பெறும்வரை சொல்வேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நாட்டு நிலைமையைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். கஜானா காலி. எங்கள் துறையில் ‘கூடுதல் வருவாய்க் குழு’ என்று பதினோரு பேரைப் போட்டிருக்கிறார்கள். நான் அதற்குச் செயலர். வியாபாரம் படுத்துவிட்டால் விற்பனை வரியும் கூடவே படுத்துவிடுகிறது. இந்தச் சமயத்தில் புதிதாக எதன்மேல் வரி போட்டால் வசூலும் ஆகும், மக்களுக்கும் அதிகம் வலிக்காது என்று நாங்கள் சொல்ல வேண்டும். எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீ தச்சநல்லூரில் இத்தனை வருடமாக இரும்புக் கடை வைத்திருப்பவன். வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. உனக்குத் தெரியாததா? மனதில் படுவதை எழுது. இந்தக் குழுவை ஒப்பேற்றிவிட்டால் எனக்கும் துணைச் செயலாளர் பதவி தட்டாமல் வந்துவிடும் போலிருக்கிறது.

அன்புடன்,
சங்கரம்


தச்சநல்லூர்
20.8.1991

அன்புள்ள சங்கரா,

உன் கடிதத்தை எலிசபெத்துக்குப் படித்துக் காட்டினேன். “பதினோரு பேரு உக்காந்து இதத்தான் யோசிக்காங்களா?” என்று கேட்டாள். பதினோரு பேருக்கும் சம்பளம், பயணப்படி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் உண்டு என்று விளக்கினேன். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கஜானா காலி என்று எழுதியிருக்கிறாய். என் கல்லாவையும் வந்து பார். யூரியா விலை ஏறியதிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்கள் புது மண்வெட்டி வாங்குவதில்லை. பழைய மண்வெட்டிக்குக் காம்பு மட்டும் போட்டுப் போகிறார்கள். கிலோக் கணக்கில் ஆணி வாங்கிய ஆசாரி இப்போது எண்ணி வாங்குகிறார். அரசாங்கம் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அடகுக்கு அனுப்பியதாம். எங்கள் தெருவில் அதையே மஞ்சள் பையில் போட்டு நடந்துபோய்ச் செய்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களுக்கு யாரும் குழு போடவில்லை.

எதன்மேல் வரி போடலாம் என்றா கேட்கிறாய்? பெருமூச்சின்மேல் போடலாம், எங்கள் கடைத்தெருவில் அது ஒன்றுதான் குறைவில்லாமல் நடக்கிறது. ஈ ஓட்டுவதற்கு ஈ ஒன்றுக்கு இவ்வளவு என்று போடலாம். ஆனால் உங்கள் புத்திக்குப் பொருத்தமாக ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள். விற்பனையைக் கேட்டால் வியாபாரி பொய் சொல்வான். வருமானத்தைக் கேட்டால் அழுவான். கடையின் நிரைப்பலகைக்குப் பொய் சொல்லத் தெரியாது. காலையில் எடுத்து ஓரமாகச் சாத்தி, இரவில் மேலும் கீழும் வெட்டிய காடியில் வரிசையாக மாட்டிப் பூட்டுகிறோமே, அந்தப் பலகை. மந்தம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் அது ஒன்றுகூடக் குறையாது. பலகைக்கு இவ்வளவு என்று வரி போடுங்கள். உங்கள் ஆட்களுக்குக் கணக்குப் பார்க்கும் சிரமம்கூட இல்லை. ஒன்று இரண்டு எண்ணத் தெரிந்தால் போதும், அது தெரிந்த ஒருவராவது குழுவில் இருப்பார்.

பிரம்மநாயகியை நல்லெண்ணெய் தடவச் சொல். விஜயஸ்ரீக்கு நல்ல இடமாக அமைய நாங்கள் ஜெபிக்கிறோம்.

உன்,
சுவிசேஷமுத்து


சென்னை
15.9.1991

அன்புள்ள முத்து,

உன் கடிதம் ஒரு கூட்டத்தையே காப்பாற்றியது. தலைவர் மூன்று மணி நேரம் எங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சமயத்தில், பலகை விஷயத்தை மட்டும் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மந்தத்தில் குறையாத ஒன்றைத்தானே நாம் தேடுகிறோம்?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. என்னையே ஒரு குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார். உன் பெயரைப் போடவில்லை. ‘தென் மாவட்ட வணிகர் ஒருவரின் ஆலோசனை’ என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது மாதிரிக்கு ஒரு தெருவின் கணக்கு வேண்டும். உன் கடை இருக்கும் தெருவில் எந்தக் கடைக்கு எத்தனை பலகை என்று எண்ணி அனுப்புவாயா? நீ எண்ணினால் அதை மறுபடி யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சங்கரம்


தச்சநல்லூர்
28.9.1991

அன்புள்ள சங்கரா,

உங்கள் குழுவைப்பற்றி நான் இதுவரை நினைத்திருந்தது தப்பு. அதைவிட மோசம். சிரித்துவிட்டு எழுந்து போவீர்கள் என்று நினைத்தேன், நீங்கள் நோட்டை எடுத்துவிட்டீர்கள். சங்கத்தில் நாலு பேருக்கு உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எண்ணித் தருகிறேன். ஏன் தரக்கூடாது? எனக்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் கடை திறப்பதில்லை. காலை ஏழு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் எதிர்ச்சாரி முழுவதையும் எண்ணிவிட்டேன். முழுப் பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் பதினோரு பேரும் படிக்க வேண்டியது இரண்டு வரிதான். நகைக்கடைக்கு ஐந்து பலகை. அதன் பக்கத்தில் சுபைதா பேகத்தின் வாரியல் கடைக்குப் பதினெட்டு. அது பழைய வண்டிக் கொட்டகை. அகலம் உண்டு, ஆழம் கிடையாது. வீடு பெருக்கும் வாரியலும், அரிசி புடைக்கும் சுளகும், ஓலைப்பெட்டியும் விற்கிறாள். புருஷன் சேக் முகம்மது குவைத்தில் இருந்து சண்டையில் தப்பித்து உடுத்திய சட்டையோடு வந்தவர், நெஞ்சுவலிக்காரர், வீட்டில் படுத்திருக்கிறார். ஆக, உங்கள் ஞானப்படி தங்கம் விற்பவனைவிட வாரியல் விற்பவள் மூன்றரை மடங்கு பணக்காரி.

இதைத் தலைவருக்குப் படித்துக் காட்டு. அப்போதாவது உறைக்கிறதா பார்ப்போம். என் கடைக்கு ஒன்பது பலகை. அதையும் எழுதியிருக்கிறேன், உன்னிடம் மறைக்கவில்லை.

உன்,
சுவிசேஷமுத்து


சென்னை
22.1.1992

அன்புள்ள முத்து,

பொங்கல் வாழ்த்து அட்டை கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு எலிசபெத் அனுப்பிய முறுக்கில் பாதி வழியிலேயே நொறுங்கிவிட்டது, ஆனாலும் மிச்சமில்லை.

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அரசாணை வந்துவிட்டது. ‘வணிக முகப்பு வரி’ என்று பெயர். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சோதனை முறையில் மூன்று ஊர்களில். முதல் ஊராக நம் ஊர் இருக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். பலகை ஒன்றுக்கு அரையாண்டுக்கு நாற்பது ரூபாய். முகப்பு பன்னிரண்டு அடியைத் தொட்டால் அது கிடங்கு என்று ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. பலகை எட்டு அங்குலம் என்று வைத்தால் பதினெட்டுப் பலகை ஆகிறது. ஆகவே பதினெட்டும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கிடங்கு விகிதம், பலகைக்கு எண்பது ரூபாய். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எனக்குத் துணைச் செயலாளர் பதவி கிடைத்துவிட்டது. விஜயஸ்ரீக்கும் வரன் முடிந்தது. பையன் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், வங்கி வேலை. ஆவணியில் கல்யாணம், நம் ஊரில்தான். பந்தியில் என் பக்கத்து இலை உனக்கு.

அன்புடன்,
சங்கரம்


தச்சநல்லூர்
19.4.1992

சங்கரா,

பதவிக்கு வாழ்த்துச் சொல்ல மனது வரவில்லை. பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பத்தாம் தேதி வந்தார்கள். ஒருவர் கையில் குடை, ஒருவர் கையில் பட்டியல். எட்டிப் பார்த்தேன். நான் எழுதிய பட்டியல்தான், டைப் அடித்திருந்தது. அவர்கள் எண்ணவே இல்லை. கடைக்குக் கடை நின்று ஒரு கோடு போட்டுவிட்டு, முனையில் சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள். மிஞ்சிப்போனால் நாற்பது நிமிஷம். பதினோரு பேர் எட்டு மாதம் மூளையைக் கசக்கிப் பெற்ற பிள்ளையின் லட்சணம் இது.

அடுத்த வாரமே நகைக்கடைக்காரர் பலகையை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்பு ஷட்டர் மாட்டிவிட்டார். உங்கள் ஆட்கள் மறுபடி வந்து ஷட்டரை ஒரு பலகை என்று எழுதினார்கள். ஐந்து பலகைக்காரர் இப்போது ஒரு பலகைக்காரர். வசதி இருப்பவன் எல்லாம் ஷட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். என் கடையில் ஷட்டர்க் கம்பி நன்றாக விற்கிறது, வெட்கக்கேடு. ஷட்டர் போடக் கையில் காசில்லாதவன்தான் வரி கட்ட வேண்டும். இவ்வளவு சுத்தமாக ஒரு திட்டத்தைத் தனி மூடனால் தீட்ட முடியாது, அதற்கு ஒரு குழு வேண்டும்.

பேகத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாய் என்று சீட்டு வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு. அவள் கடையில் அவ்வளவு லாபம் ஒரு வருடத்துக்கு வராது. சங்கத்துச் செயலாளர் என்று என்னிடம் வந்து நின்றாள். “அண்ணாச்சி, எந்தப் படுபாவி இதக் கண்டுபிடிச்சான்? கடை அகலமா இருந்தா வயிறு நெறஞ்சிருமா? ஒரு மனு எழுதித் தாங்க, அவுக பேரையும் விசாரிச்சுச் சொல்லுங்க. அஞ்சு வேளைத் தொழுகையிலயும் அவுகளத்தான் நெனச்சுக்கிடுவேன்.”

நான் மனுவை எழுதினேன், சங்கரா. என் கையாலேயே எழுதினேன். அவளுக்குப் பாவம் எண்ணக்கூடத் தெரியவில்லை. “பதினேழு பலகைக்கு இம்புட்டா?” என்று கேட்டாள். பதினெட்டு என்று திருத்தினேன். “இல்ல அண்ணாச்சி, பதினேழு” என்றாள். கணக்கு எழுதுவது நானா நீயா என்று ஒரு அதட்டல் போட்டேன். பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நீ ஒன்று செய். என் ஆகஸ்டு மாதக் கடிதத்தை முழுதாக எடுத்துத் தலைவர் முன்னால் வை. பெருமூச்சுக்கு வரி, ஈக்கு வரி என்று எழுதியதையும் படி. அது கேலி என்று சொல். எழுதினவனே சொல்கிறான் என்று சொல். ஆணையைத் திரும்ப வாங்குங்கள்.

சுவிசேஷமுத்து


சென்னை
24.6.1992

அன்புள்ள முத்து,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கல்யாண வேலைகள். அது மட்டும் காரணம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ எழுதிய மனு வந்தது. ஷட்டர் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. பேகத்தின் கணக்கில், பதினெட்டு என்று மனுவிலேயே ஒப்புக்கொண்டிருப்பதால் கிடங்கு விகிதத்தை மாற்ற வழியில்லை என்று முடித்துவிட்டார்கள். ஒரு பலகை குறைவாக இருந்திருந்தால்கூட அறுநூற்று எண்பதோடு போயிருக்கும். முப்பது நாளும் கடந்துவிட்டது. வேண்டுமானால் சில பலகை அளவுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டால் அடுத்த ஆண்டிலிருந்து குறையும்.

கேலி என்று சொல்லச் சொல்கிறாய். கோப்பில் அதை எந்த இடத்தில் எழுதுவது? குறிப்பில் என் கையெழுத்து இருக்கிறது. ஒருவன் கிண்டலுக்கு எழுதியதை அரசாணை ஆக்கினேன் என்று நானே சொன்னால், பதவி போகட்டும், சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? ஆவணி கழியும்வரையாவது துறைக்கு நீ எதுவும் எழுதாதே. இதை உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்தாலும் சரி. கல்லூரி நாளிலிருந்து நீ எல்லோரையும் இளக்காரமாகத்தான் பார்த்தாய். வாத்தியாரை, என்னை, அரசாங்கத்தை. எங்களில் பாதிப் பேர் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் பலகைப் பட்டியலில் பேகத்தை நீ எழுதியது இரக்கத்தால் அல்ல. உன் கேலிக்கு ஒரு பெரிய எண் தேவைப்பட்டது. நாங்கள் அவளைப் பார்க்காமல் வரி போட்டோம். நீ தினம் பார்த்துக்கொண்டே எண் போட்டாய்.

அன்புடன்,
சங்கரம்


தச்சநல்லூர்
4.8.1992

சங்கரா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முதலில் கிழிக்கத்தான் எடுத்தேன். எலிசபெத் வாங்கிப் படித்துவிட்டு, “கடைசிப் பத்தி மட்டும் நெசம்” என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை ரோட்டைத் தாண்டிப் பேகத்தின் கடைக்குப் போனேன். பதினோரு வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கடைக்குள் அன்றுதான் கால் வைத்தேன். வாரியல் வேண்டுமென்றால் ஆள் அனுப்பித்தான் வாங்குவேன். அவள் கடையைத் திறந்துகொண்டிருந்தாள். கண்டுபிடித்த படுபாவி நான்தான் என்று சொன்னேன். சென்னைக்காரர்களைக் கிண்டல் செய்ய எழுதியது என்றும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவளோ கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் பக்கத்தில் நிரைப்பலகைக்கு உட்புறம் வரிசை எண் எழுதி வைப்போமே, உனக்கு நினைவிருக்கும், மாற்றி மாட்டினால் காடியில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக என் முன்னால் திருப்பி வைத்தாள். கடைசிப் பலகையில் பதினேழு என்று இருந்தது. அதற்கு அடுத்து இருந்தது நிலைக்கட்டை. சுவரில் புதைத்த வேப்பங்கட்டை. தூசி படிந்து பலகை நிறத்திலேயே இருக்கும். காப்பி குடித்துக்கொண்டு கல்லாவில் இருந்து பார்த்தால் பலகை மாதிரியே தெரியும்.

“நீங்க சிரிக்கத்தான எழுதுனீங்க அண்ணாச்சி, அதுல எனக்குக் கோவமில்ல. நாந்தான் பதினேழுன்னு சொன்னேன்லா. இந்த ரோட்டத் தாண்டி வந்து ஒரு தடவ எண்ணிருக்கலாம்.” இவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

எண்ணக்கூடத் தெரியாதவள் என்று உனக்கு எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? ஒன்று இரண்டு எண்ணத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருப்பார் என்று அதற்கு முன்னால் எழுதினேன். உங்கள் பதினோரு பேரோடு என்னையும் சேர்த்துப் பன்னிரண்டாகப் போட்டுக்கொள். இத்தனை நாள் உங்களைப் பார்த்துச் சிரித்தேனே, இப்போது என்னைப் பார்த்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வரிப்பணத்தை நான் கட்டுகிறேன் என்றேன். உங்க காசு வேண்டாம் என்றுவிட்டாள். போன முப்பதாம் தேதி கடையை ஒப்படைத்துவிட்டாள். கொட்டகைக்காரர் அங்கே ஷட்டர் மாட்டுகிறார்.

சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். நேற்று உங்கள் தலைவருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். ஆலோசனை கேலிக்காக எழுதப்பட்டது, எண்ணிக்கை உட்கார்ந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, பேகத்தின் மனுவில் பதினெட்டு என்று எழுதியது அவள் அல்ல, நான். மூன்றையும் சத்தியமாக எழுதி, ‘தென் மாவட்ட வணிகர் ஒருவர்’ என்று நீ குறிப்பிட்ட ஆள் இன்னார் என்று பெயரும் கடை முத்திரையும் போட்டிருக்கிறேன். உன் கடிதங்களின் நகலையும் இணைத்திருக்கிறேன், அவை இல்லாமல் நம்ப மாட்டார்கள். ஆவணி கழியட்டும் என்று நீ கும்பிட்டுக் கேட்டாய். பாக்கியைக் கட்டக் கடைசித் தேதி ஆவணிக்கு முன்னால் வருகிறது. கட்டாவிட்டால் வீட்டில் ஜப்தி என்று உங்கள் நோட்டீஸே சொல்கிறது. உன் பந்தியா அவள் வீட்டுப் பாத்திரமா என்று பார்த்தேன்.

கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டாம். பிள்ளைக்கு எலிசபெத் எடுத்த புடவை தனியாக வருகிறது. அதைத் திருப்பி அனுப்பாதே, அவளுக்கு நம் சண்டையில் பங்கில்லை. எனக்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் ஏதாவது எழுதுவேன், நீ அதற்கும் ஒரு குறிப்புப் போடுவாய்.

பேகம் இப்போது என் கடைக்கு முன்னால் சாக்கு விரித்து வாரியல் விற்கிறாள். முகப்பு இல்லை, ஆகவே வரி இல்லை. வெயில் ஏறும்போது என் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து நிழல் பிடிக்கக் கேட்டாள். கொடுத்தேன். நான் கல்லாவில் உட்கார்ந்தால் மூன்றடி தூரத்தில் அவள் முதுகு தெரிகிறது. காலையிலிருந்து அவள் விற்றது நாலு வாரியல், ஒரு சுளகு. இதை எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

எஸ். சுவிசேஷமுத்து
இரும்புக் கடை, ஒன்பது பலகை